அப்பாவின் முதல் ஸ்கேனில் 3 கட்டி, இரண்டாவதில் 7: இந்த இரண்டையும் ஒப்பிடலாமா?

வைகைக்கரை | மதுரை | இரவு 10.12

நாலு மாதமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி வயிறு கல் மாதிரி உப்பி, வாந்தி நிற்கவே இல்லை, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். குடலடைப்பு என்றார்கள். கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9 என்று ஏறியிருந்ததால், படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போடாமலே சிடி எடுத்தார்கள். பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி, கல்லீரலில் மூன்று இடத்தில் பரவல் என்று ரிப்போர்ட். விடியற்காலையில் ஆபரேஷன், மலம் வெளியேற வயிற்றில் பை. தேறி எழுந்து கீமோ ஆரம்பிக்க ஏழு வாரம் ஆகிவிட்டது.

கீமோ நாலு சைக்கிள், அதாவது நாலு சுற்று, முடிந்து போன வாரம் வேறொரு சென்டரில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் 7 கட்டிகள், முந்தைய ஸ்கேனில் 3, புதிதாக 4, நோய் அதிகரித்துள்ளது. ரிப்போர்ட்டில் இவ்வளவுதான், அளவுகூட ஒரே ஒரு கட்டிக்குத்தான் போட்டிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது, மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா பிலிம் இருந்த மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நாலு தடவை ஏத்தி விரல் மரத்துப் போனதுதான் மிச்சமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றுதான் இடிக்கிறது. இதே காலத்தில் ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சிஇஏ 84-லிருந்து 31-க்கு இறங்கியிருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறார், இரண்டு கிலோ எடை ஏறியிருக்கிறது. நோய் இரண்டு மடங்கானவர் இப்படி இருப்பாரா? ரத்தப் பரிசோதனையை நம்புவதா, ஸ்கேனை நம்புவதா?

ஓபிடிவரிசை | திருச்சி | இரவு 10.31

அக்கா, மனதை விட்டுவிடாதீர்கள். என் மாமாவுடன் இரண்டு வருடமாக அலைகிறவன் நான், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும் பயணம் எனக்கும் தெரியும். ஒரு கேள்வி மட்டும்: இரண்டாவது ஸ்கேன் ஊசி போட்டு எடுத்ததா, போடாமலா?

வைகைக்கரை | இரவு 10.34

போட்டுத்தான் எடுத்தார்கள் தம்பி. கிட்னி அதற்குள் சரியாகிவிட்டது, கிரியேட்டினின் இப்போது 1.0.

சிடிஅறை | இரவு 11.20

நான் சிடி டெக்னீஷியன், 14 வருடமாக இதே வேலை. ரிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை, அதனால் அப்பாவுக்கு நோய் கூடியதா குறைந்ததா என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் படம் எப்படி உருவாகிறது என்று தெரியும். ஊசி போடாமல் எடுத்த கல்லீரலையும் போட்டு எடுத்த கல்லீரலையும் பக்கத்தில் வைத்து எண்ணுவது எப்படி என்றால், கரண்ட் போன வீட்டில் டார்ச் அடித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, கரண்ட் வந்ததும் மறுபடி எண்ணி, நாலு பேர் புதிதாக வந்துவிட்டார்கள் என்று சொல்வது மாதிரி.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. குடல் புற்றுநோய் பரவி உட்கார்ந்த கட்டிக்கு அந்தப் போர்ட்டல் ரத்தம் பெரிதாகப் போகாது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து கை நரம்பில் ஏறி ஏறக்குறைய 70 விநாடி ஆகும்போது எடுத்தால் நல்ல கல்லீரல் முழுக்க வெளுத்துப் பளிச்சென்று இருக்கும், கட்டி மட்டும் கறுப்பாக ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். அதே ஆளை 30 விநாடியில் எடுத்துப் பாருங்கள், கல்லீரல் இன்னும் வெளுத்திருக்காது, சின்னக் கட்டிகள் அப்படியே கலந்து நிற்கும். ஒரே மெஷின், ஒரே நோயாளி, ஒரே நாள், 40 விநாடி வித்தியாசம், எண்ணிக்கை மாறிப் போகும்.

அந்த 70 விநாடியைக் காப்பாற்றுவது சுலபமில்லை. கீமோ ஏறிய கையில் நரம்பே கிடைக்காது. ரோஸ் கலர் வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போட்டால் விநாடிக்கு 3 மில்லி தாராளமாகத் தள்ளலாம். போன வாரம் ஒரு அம்மாவுக்கு இரண்டு கையிலும் தடவித் தடவிப் பார்த்து, வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்து, கடைசியில் புறங்கையில் அதைவிட மெல்லிய நீலக் கலர்தான் ஏறியது. 3 மில்லிக்கு வைத்தால் பம்ப் பிரஷர் அலாரம் அடிக்கிறது, நரம்பு வெடித்துவிடும், 2 மில்லிக்கு இறக்கினேன். இறக்கினால் மருந்து முழுக்க ஏறி முடியவே நேரம் அதிகம் பிடிக்கும், அதற்கு ஏற்ற மாதிரி படத்தைத் தள்ளி எடுக்க வேண்டும். இதை நான் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தால்தான் அடுத்த தடவை எடுக்கிறவருக்குத் தெரியும். பெரும்பாலான இடங்களில் எழுதுவதில்லை. அப்புறம் மூச்சு. முதல் ஸ்கேனில் ஆழமாக இழுத்துப் பிடித்தவர் அடுத்ததில் பாதி மூச்சில் விட்டுவிட்டால், கல்லீரலின் மேல் விளிம்பில் இருக்கிற கட்டி அசைந்து மங்கிவிடும். படுக்க வைத்ததும் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளேயிருந்து பட்டனை அழுத்துவேன்.

இன்னொன்று, மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன உடனே ஊசி வேண்டாம் என்று பிளெயினாக எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீன் அலர்ஜிக்கும் இந்த மருந்துக்கும் தனியாக ஒரு தொடர்பும் கிடையாது. முன்பு இதே மருந்து போட்டு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது வேறு, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நிழற்படம் | சென்னை | காலை 6.05

ரேடியாலஜிஸ்ட். சகோதரர் சிடிஅறை எழுதியதற்கு மேல் சில விஷயங்கள். படத்தைப் பார்க்காமல் யாருக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன், நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், அந்த ராத்திரி ஊசி போடாமல் எடுத்தது சரியான முடிவு. குடலடைத்து, நீர் வற்றி, கிட்னி திணறுகிற ஆளுக்கு அடைப்பு எங்கே என்று தெரிந்தால் போதும், உயிர்தான் முக்கியம். விட்டுப் போனது அதற்குப் பிறகு. கிட்னி தேறியதும், கீமோ முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் ஊசியுடன் ஒரு முழு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். ரெசிஸ்ட் என்ற அளவுகோல் இருக்கிறது, 2000-இல் வந்தது, 2009-இல் திருத்தினார்கள், உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் இதைத்தான் வைத்து அளக்கிறார்கள். அதில் தெளிவாகவே இருக்கிறது: அடிப்படை ஸ்கேன் சிகிச்சை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாலு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஏழு வாரம், அதுவும் ஊசி இல்லாத படம்.

அப்படியானால் அந்த நாலு கட்டிக்கு மூன்று விளக்கம் இருக்கலாம். முதல் நாளே இருந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மருந்தே இல்லாமல் கழிந்த அந்த ஏழு வாரத்தில் முளைத்திருக்கலாம். கீமோ ஏறும்போதே முளைத்திருக்கலாம். மூன்றாவது உண்மையானால்தான் மருந்து தோற்றது என்று அர்த்தம். கையில் இருக்கிற இரண்டு படத்தை வைத்து இந்த மூன்றில் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. புதுக் கட்டி என்றால் அது சந்தேகமில்லாமல் புதிதாக இருக்க வேண்டும், எடுத்த விதம் மாறியதால் தெரிய வந்ததாக இருக்கக் கூடாது, இதையும் 2009 திருத்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சிஇஏ இறங்குவது ஒரு நல்ல துணைச் சாட்சி. ஆனால் கீமோ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் மருந்து வேலை செய்யும்போதே சிஇஏ ஏறி இறங்குவதும் உண்டு, அதனால் அது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டும் முடிவெடுக்கக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்பது இதுதான்: "டாக்டர், இந்த இரண்டாவது ஸ்கேனையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே முறையில் அடுத்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றலாமா?"

ஓபிடிவரிசை | காலை 7.48

டாக்டர், நீங்களே வந்திருப்பதால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டில் ஏன் எல்லாக் கட்டிக்கும் அளவு போடுவதில்லை? மாமாவின் ரிப்போர்ட்டில் ஒரு தடவை பெரிய கட்டி 3.2 செமீ என்று இருந்தது, அடுத்த தடவை பல கட்டிகள், முன்பு போலவே என்று மட்டும் இருந்தது. எதை முன்பு போலவே என்கிறார்கள் என்று எங்களுக்கும் புரியவில்லை, அவருக்கு மருந்து எழுதுகிற டாக்டருக்கும் புரியவில்லை.

நிழற்படம் | காலை 9.15

தப்பே இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் பக்கத்துத் தவறு அது. கூடவே இன்னொன்றும் உண்டு: என் மேஜைக்கு வரும் சீட்டில் "சிடி வயிறு, பெருங்குடல் புற்று" என்று மட்டும் இருக்கும். எப்போது கீமோ ஆரம்பித்தது, என்ன மருந்து, பழைய படம் எங்கே, ஒன்றும் இருக்காது. பழைய ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்து 'கூடியிருக்கிறது' என்று எழுதுவது, பார்க்காத ஆளைப் பற்றிச் சாட்சி சொல்வதற்குச் சமம்.

அளவு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். ரெசிஸ்ட் முறையில் எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. ஓர் உறுப்பில் அதிகபட்சம் 2, மொத்தம் 5 கட்டிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் நீளமான குறுக்களவையும் கூட்டி ஒரே எண்ணாக வைக்க வேண்டும். கட்டி குறைந்தது 10 மிமீ இருக்க வேண்டும், அதுவும் 5 மிமீ அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகளாக எடுத்த படத்தில். நெறிக்கட்டியானால் குறுகலான பக்கம் 15 மிமீ. கீமோவுக்கு முன் கல்லீரலில் 42, 28, நுரையீரலில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 85. மூன்று மாதம் கழித்து 30, 20, 12, மொத்தம் 62. குறைவு 27 சதவீதம். பலன் என்று சொல்ல 30 வேண்டும், ஆகவே இது 'ஸ்டேபிள்', அதாவது பெரிய மாற்றமில்லை என்ற கணக்கு. இதையே இன்னொருவர் அளந்து, ஒவ்வொரு கட்டியிலும் ஒரே ஒரு மிமீ உள்ளே தள்ளிக் கோடு போட்டால் 59, குறைவு 30-ஐத் தாண்டிவிடும், அதற்குப் பெயர் 'பலன்'. ஒரே படம், ஒரே நோயாளி, இரண்டு பெயர்.

அடுத்த ஸ்கேனில் மொத்தம் 76 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் 85 இருந்ததே, இப்போது குறைவுதானே என்று வீட்டில் நிம்மதிப்படுவார்கள். ஆனால் வளர்ச்சியை ஆரம்பத்தோடு ஒப்பிடக் கூடாது, இதுவரை வந்ததிலேயே மிகக் குறைந்த 62-ஓடு ஒப்பிட வேண்டும். 20 சதவீதமும், குறைந்தது 5 மிமீயும் கூடினால் வளர்ச்சி. 62-லிருந்து 76 என்றால் 22 சதவீதத்துக்கு மேல். மருந்து கைவிட ஆரம்பித்துவிட்டது. நடுவில் இருந்த ஸ்கேன் தொலைந்து போயிருந்தால் இது யாருக்குமே தெரியாது.

இந்த 30, 20 எல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் மோர்ட்டல், ஹேன்லி என்ற இருவர் 12 உருண்டைகளை ஃபோம் மெத்தைக்கு அடியில் வைத்து, அனுபவமுள்ள 16 புற்றுநோய் டாக்டர்களைக் கூப்பிட்டுத் தடவிப் பார்த்து அளக்கச் சொன்னார்கள். உருண்டை மாறவே இல்லை, ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறியது, ஒரே ஆள் மறுபடி அளந்தாலும் மாறியது. கால் பங்கு குறைந்தால் பலன் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுமே நடக்காத கட்டிகளில் நிறைய 'பலன்' என்று வந்துவிடும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நீளம், அகலம் பெருக்கி வருவது பாதியாகக் குறைய வேண்டும் என்ற அளவு நிலைத்தது. குறுக்களவில் 30 சதவீதம் குறைவது ஏறக்குறைய அதே பாதிதான், 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.49. அன்று விரல், இன்று மவுஸ். அளக்கிற கை தவறும் என்பது இன்றும் மாறவில்லை, அதனால்தான் எடுக்கும் முறையையாவது ஒன்றாக வையுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்.

கொங்குக்காற்று | பொள்ளாச்சி பக்கம் | மதியம் 1.02

நான் நோயாளி. மூன்று வருடமாக நான்காம் நிலை, இதுவரை 11 ஸ்கேன். டாக்டர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தரம் தரம் என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் அது 'பெரிய ஊருக்குப் போ' என்றுதான் முடிகிறது. எனக்குக் கோவைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போச்சு. காப்பீட்டு அட்டையில் எங்கே எடுக்கலாமோ அங்கேதான் எடுக்க முடியும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை ஆஸ்பத்திரிகளிடம் சொல்லுங்கள், எங்கள் தலையில் வைக்காதீர்கள்.

சிடிஅறை | மதியம் 2.40

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம், நான் வேலை செய்வதும் தாலுகா ஊர்தான். எங்களிடம் இருப்பது ஒரு சுற்றில் 16 வெட்டு எடுக்கும் 16 ஸ்லைஸ் மெஷின். கல்லீரலில் இந்தக் கட்டியைத் தொடர்ந்து பார்க்க அது தாராளம். தரம் என்பது விலை உயர்ந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே, பேர் கேட்டு ஓடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே சுமாரான மெஷினில் ஒரே மாதிரி எடுத்தால் ஒப்பிட முடியும். மூன்று பெரிய மெஷினில் மூன்று விதமாக எடுத்தால் ஒன்றும் ஒட்டாது. எழுதி வைக்க வேண்டியது ஒரு சீட்டு அளவு விஷயம்தான்: எவ்வளவு மருந்து, என்ன வேகம், எத்தனாவது விநாடி, எவ்வளவு தடிமன், நெஞ்சும் சேர்ந்ததா, வயிறும் இடுப்பும் மட்டுமா. இதற்குக் காசு ஆகாது. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி எழுத வேண்டியது நாங்கள்.

கீமோ ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சில் போர்ட் இருக்கிறதே, அதிலேயே ஏற்றுங்கள் என்று பலர் கேட்பார்கள். அழுத்தம் தாங்கும் வகை போர்ட்டானால் மட்டும்தான் பம்ப் மாட்டலாம். மற்றதில் மாட்டினால் குழாய் பிய்ந்துவிடும். போர்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

தெல்லிப்பழை | யாழ்ப்பாணம் | மாலை 5.26

அம்மாவுக்கும் இதே வருத்தம்தான், கல்லீரலில் பரவியிருந்தது. எங்கட ஊர் புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம், 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்தார்களே, அந்தக் காசில் எழும்பியது. முன்பென்றால் எல்லாத்துக்கும் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆறு கீமோ முடிய ஸ்கான் எடுத்தோம், நாலில் இரண்டு கட்டி காணவில்லை. நாங்கள் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டோம். ஆனால் ஒப்பரேஷன் செய்யப் போகிற டொக்டர் முகம் மலரவில்லை, பழைய படம் வேண்டும் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். மறைந்தால் நல்லதுதானே, ஏன் அவருக்குக் கவலை?

நிழற்படம் | இரவு 9.50

தம்பி, பொங்கல் வைத்தது தப்பில்லை, மருந்து வேலை செய்திருக்கிறது. சர்ஜன் கவலைப்படுவதற்கும் காரணம் உண்டு. 2006-இல் பிரான்சில் இதையே பார்த்தார்கள். கீமோவுக்குப் பிறகு சிடியில் காணாமல் போன 66 கட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில் 55-இல், அதாவது 83 சதவீதத்தில், நோய் அந்த இடத்திலேயே மிச்சம் இருந்தது அல்லது சீக்கிரமே அதே இடத்தில் திரும்பி வந்தது. படத்தில் மறைவது வேறு, உடம்பில் மறைவது வேறு. இதில் கீமோவே ஒரு சிக்கலையும் சேர்க்கிறது. சில மருந்துகளால் கல்லீரலில் கொழுப்பு சேரும், கொழுப்பு சேர்ந்த கல்லீரல் சிடியில் கறுத்துப் போகும், கறுப்புக்குள் கறுப்புக் கட்டி ஒளிந்துகொள்ளும். கட்டி சுருங்காமலே 'மறைந்த' மாதிரி இருக்கும்.

அதனால்தான் சர்ஜன் பழைய படத்தைக் கேட்கிறார். எந்த இடத்தில் இருந்தது என்ற வரைபடம் அவருக்கு வேண்டும், ஆபரேஷன் மேஜையில் கையால் தேடும்போது எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். கல்லீரலில் வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் நினைக்கிற எல்லாருக்கும், கீமோவுக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இதிலிருந்தே தெரியும். 2024-இல் கேமினோ என்ற ஆய்வு வந்தது, ஐரோப்பாவில் நாலு நாடுகள். சிடி பார்த்து வெட்டுவதா, சுட்டு எரிப்பதா என்று திட்டம் போட்ட 298 பேருக்குக் கூடுதலாக எம்ஆர்ஐ எடுத்தபோது 92 பேருக்கு, அதாவது 31 சதவீதம் பேருக்கு, திட்டமே மாறியது. எம்ஆர்ஐயிலும் முறை உண்டு. திசுவுக்குள் நீர் அசைவதைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற படமும், கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனி மருந்து போட்டு 20 நிமிடம் காத்திருந்து எடுக்கும் படமும் சேர்ந்தால்தான் இந்தப் பலன். வெறுமனே எம்ஆர்ஐ வயிறு என்று எழுதி அனுப்பினால் கிடைப்பது வேறு.

கொங்குக்காற்று | இரவு 10.20

பெட் ஸ்கேன் எடுத்தால் உடம்பு முழுக்கத் தெரிந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒன்று எடு என்கிறார்களே, அதுவும் அவசியமா?

நிழற்படம் | இரவு 10.41

எல்லாருக்கும் எல்லாத் தடவையும் வேண்டியதில்லை. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் கீமோ போகும்போது 8 முதல் 12 வாரத்துக்கு ஒரு சிடியும் சிஇஏவும் என்கிறது, பெட் அதில் வழக்கமாக இல்லை. கனடாவில் கல்லீரல் ஆபரேஷனுக்குத் திட்டமிட்டவர்களுக்குப் பெட் எடுத்துப் பார்த்ததில் 8 சதவீதம் பேருக்குத்தான் ஆபரேஷன் முடிவு மாறியது. எடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு, சிஇஏ ஏறிக்கொண்டே போகும், சிடியில் ஒன்றும் தெரியாது, அப்போது எடுக்கலாம். ஆனால் ஊசி மருந்தைக் கட்டி எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று பெட்டில் காட்டும் அந்த எஸ்யூவி எண்ணை ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு அப்படியே கொண்டுபோய் ஒப்பிடாதீர்கள். சர்க்கரை எவ்வளவு இருந்தது, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அது மாறும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் முழுக்கப் பளபளவென்று எரியும், உள்ளே இருக்கிற நோய் மறைந்துவிடும். டாக்டரைக் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

வைகைக்கரை | மூன்று நாள் கழித்து | மாலை 6.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்க் கேட்டேன். சண்டை போடுகிற மாதிரி இல்லாமல், முதல் ஸ்கேன் ஊசி இல்லாமல் எடுத்தது டாக்டர், நடுவில் ஏழு வாரம் இடைவெளி, இதை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தாளை நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார், அப்புறம் முதல் ஸ்கேன் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பிலிமில் ஒரு தாளுக்கு இருபது படம், தபால் தலை அளவு, லைட் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஸ்கேன் பதிந்த தட்டு (டிஸ்க்) இருக்கிறது, ஆனால் அவர் கம்ப்யூட்டரில் தட்டுப் போடும் இடமே இல்லை. தம்பி போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றான், அது உதவாது என்றுவிட்டார். என்ன செய்வது?

சிடிஅறை | மாலை 7.35

போட்டோ உதவாது என்று அவர் சொன்னது முழுக்கச் சரி அக்கா. ஸ்கேன் படம் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கிறது. 1985-இல் இதன் முதல் வடிவம் வந்தது, 1993-இல் டைகாம் என்று பெயர் மாறியது, எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் இதே வடிவம்தான். அந்தக் கோப்புக்குள்ளேயே ஒரு புள்ளி எத்தனை மிமீ, வெட்டு எவ்வளவு தடிமன், எத்தனை மணிக்கு எடுத்தது எல்லாம் பதிந்திருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டரில் கோடு இழுத்தால் மிமீ வருகிறது. போட்டோ எடுத்த நிமிடமே அதெல்லாம் போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும்.

தட்டை டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருக்கிற மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். ஒன்றிரண்டு படத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், மொத்தமும். தட்டு கீறிப் போயிருந்தால் எடுத்த சென்டரில் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள், இடம் போதாமல் பழையதை அழித்துவிடுகிற சென்டர்கள் உண்டு. இனிமேல் எடுக்கும்போது பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஓபிடிவரிசை | இரவு 8.20

டாக்டர் நிழற்படம், நாங்கள் அடுத்த தடவை கொண்டு போகும் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு பத்தியாக எழுதித் தந்தால் எல்லோரும் காப்பி செய்துகொள்வோம். மாமாவுக்கு 22-ஆம் தேதி ஸ்கேன்.

நிழற்படம் | இரவு 11.05

சீட்டை உங்கள் ஆன்காலஜிஸ்ட் எழுத வேண்டும், நீங்கள் நினைவுபடுத்தலாம். "பெருங்குடல் புற்றுநோய், நான்காம் நிலை, கல்லீரல் பரவல். இன்ன தேதியில் இன்ன கீமோ ஆரம்பம், இத்தனை சைக்கிள் முடிந்தது. நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றும், கான்ட்ராஸ்டுடன், கல்லீரலுக்குப் போர்ட்டல் கட்டத்தில் (ஏறக்குறைய 70 விநாடி). முந்தைய ஸ்கேன் இன்ன தேதி, படம் இணைத்திருக்கிறது. முன்பு அளந்த அதே கட்டிகளை அளந்து, ஆரம்ப அளவு, குறைந்தபட்ச அளவு, இப்போதைய அளவு மூன்றையும் அட்டவணையாகத் தரவும்." இவ்வளவுதான். கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் பழைய பென் டிரைவும் கையில் இருக்கட்டும்.

படம் சரியான நேரத்தில் எடுத்ததா என்று உங்கள் டாக்டர் ஒரு நொடியில் சரிபார்க்கலாம். கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையும், மேலே போகும் கல்லீரல் சிரைகளும் இரண்டுமே வெளுத்திருந்தால் நேரம் சரி. கல்லீரல் சிரைகள் இன்னும் கறுப்பாக இருந்தால் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள்.

வயிற்று உறையில் தூவியது மாதிரி சின்னச் சின்னதாகப் பரவியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவாக உதவாது. சில மிமீ முடிச்சுகளைச் சிடி பெரும்பாலும் தவறவிடும், வயிற்று நீரை அளந்து எழுதவும் முடியாது. அங்கே 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொங்குக்காற்று | மறுநாள் காலை 6.30

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு என் 11 ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக விரித்து வைத்து, மகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ஐந்து வெவ்வேறு இடம். நாலில் கட்டி அளவே இல்லை. இரண்டு ஸ்கேன் ஊசி இல்லாமல் எடுத்தது, அது எனக்கே மறந்து போயிருந்தது. பஸ் மாறிப் போவது பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன், ஆனால் இனிமேல் ஒரே இடம்தான். நோட்டையும் கொண்டு போவேன்.

வைகைக்கரை | ஒன்பது வாரம் கழித்து | இரவு 9.02

இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும், முடிவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டாக்டர் மருந்தை மாற்றவில்லை. இரண்டாவது ஸ்கேனையே அடிப்படையாக வைத்து இன்னும் நாலு சைக்கிள் அதே மருந்து கொடுத்துவிட்டு, அதே சென்டரில் போன வாரம் எடுத்தோம். சீட்டில் நீங்கள் எழுதிய பத்தி அப்படியே இருந்தது. அங்கே இருந்த டெக்னீஷியன் பையன் முன்பு எடுத்ததன் விவரத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, அதே அளவு மருந்து, அதே நேரம் வைத்தான், அப்பாவை இரண்டு தடவை மூச்சுப் பிடிக்கச் சொல்லிப் பழக்கினான்.

இந்தத் தடவை ரிப்போர்ட்டில் அட்டவணை இருக்கிறது. ஏழும் இருக்கிறது, எட்டாவது இல்லை. அளந்த இரண்டு கட்டி 38, 27 ஆக இருந்தது இப்போது 31, 22. மொத்தம் 65-லிருந்து 53, 18 சதவீதம் குறைவு, ரெசிஸ்ட் கணக்கில் 'ஸ்டேபிள்'. சிஇஏ 14. விரல் மரப்புக்குக் காரணமான மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார். கல்லீரல் சர்ஜனிடம் காட்டச் சொல்லியிருக்கிறார், அவர் எம்ஆர்ஐ கேட்டிருக்கிறார், டிஃப்யூஷனும் அந்த 20 நிமிடப் படமும் சேர்த்து.

அப்பா ஆட்டோவில் வரும்போது, "அப்ப அந்த நாலும் முதல்லயே இருந்ததுதானா?" என்று கேட்டார். அது தெரியாதுப்பா, முதல் படத்தில் சொல்ல முடியாதாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென் டிரைவை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். எம்ஆர்ஐ 19-ஆம் தேதி.